வீட்டுச் சுவர் வேலைக்கு நாலாயிரத்துக்குள் எந்த ஹேமர் ட்ரில் வாங்கலாம்?

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். நாலு ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்ட வேண்டும், ஹாலில் டிவி, சமையலறை டைல்ஸ் மேல் வாட்டர் ஃபில்டர், பால்கனி சீலிங்கில் கயிறு இழுத்து மேலே ஏற்றும் துணி ஹேங்கர். ஆள் கூப்பிட்டால் ஓட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள், சொன்ன நாளில் வருவதும் இல்லை. மெஷின் வாங்கி நானே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அப்பா வீட்டில் ட்ரில் பிடித்துப் பழக்கம் உண்டு.

பட்ஜெட் நாலாயிரம். அந்த விலைக்குத் தெரிந்த கம்பெனிகளில் 500 வாட், 600 வாட் இம்பாக்ட் ட்ரில் கிட் கிடைக்கிறது. அதே விலைக்கு ஆன்லைனில் பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் 1200 வாட் ரோட்டரி ஹேமரும் வருகிறது. வாட் இரண்டு மடங்கு என்றால் அதுதானே நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
மேடம், 600 வாட், 13 மி.மீ. சக் (துளைக்கும் பிட்டை மாட்டும் வாய்), வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், இரண்டு பக்கமும் சுற்றும் வசதி. இது நாலும் தெரிந்த கம்பெனியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். என்னிடம் போஷ் ஜிஎஸ்பி வகை ஒன்று பல வருடமாக ஓடுகிறது. அலமாரி, கண்ணாடி, திரைக்கம்பி எல்லாம் அதில்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் போய்வருகிறது. கிட்டாக வாங்கினால் பெட்டி, பிட், டேப் எல்லாம் சேர்ந்து வரும்.

கோவை வைண்டிங்:
வாட்டைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள் மேடம். வாட் என்பது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற கணக்கு. சுவரில் எவ்வளவு அடி விழும் என்பதை அது சொல்லாது. நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன், ட்ரில் மெஷின் தினமும் வருகிறது. இரண்டு வகைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே முடிவெடுக்க வரும்.

இம்பாக்ட் ட்ரில்லைப் பிரித்தால் சக்குக்குப் பின்னால் பல் வெட்டிய இரண்டு வட்டத் தட்டு இருக்கும். ஒன்று அசையாது, இன்னொன்று சக்கோடு சேர்ந்து சுற்றும். நாம் அழுத்தும்போது பல் மேல் பல் ஏறி ஏறி விழும், அதுதான் அதன் அடி. தட்டில் 16 பல், சக் நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் 44,800 அடி. பெட்டியில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் மிகச் சின்னது, அதற்கும் வலு நம் கை அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும்.

ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தும். அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டைத் தள்ளும், அது போய் பிட்டின் முதுகில் இடிக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் இரண்டு கிலோ மெஷினிலேயே ஒவ்வொரு அடியும் சுமார் 2 ஜூல் (அடியின் வலுவைச் சொல்லும் அளவு) இருக்கும். நீங்கள் நேராகப் பிடித்தால் போதும், அதுவே இறங்கிக்கொள்ளும். அதற்குப் பிட்டும் வேறு: எஸ்டிஎஸ் பிளஸ் என்று கேட்க வேண்டும். பின்பக்கம் 10 மி.மீ. தடிமனில் பள்ளம் வெட்டியிருக்கும், சாவி போட்டு இறுக்கும் வேலை இல்லை, சொருகினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகும் பிட் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். மெஷின் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது அப்படித்தான் ஆட வேண்டும், அப்போதுதான் அடி இறங்கும்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சுவர். செங்கல்லா, பிளாக்கா, கான்கிரீட்டா?

மூன்றாம்மாடி:
இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. சுவர் எதில் கட்டியது என்று பில்டர் ஆபீஸில் கேட்டேன், அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பூச்சு, பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்த சுவரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

சைட் சூப்பர்வைசர்:
தூளைப் பாருங்கள் அம்மா. பீரோவுக்குப் பின்னால் மறைகிற இடமாகப் பார்த்து, கீழே வெள்ளைத் தாள் விரித்து, 5 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போட்டால் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் மெஷின் இரவல் வாங்கினாலும் போதும். உள்சுவர்ப் பூச்சு பெரும்பாலும் 12 மி.மீ. இருக்கும், அதுவரை சிமெண்ட் நிறத்தில்தான் கொட்டும். அதற்குமேல் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து, பிட்டும் ஒரே சீராக இறங்கினால் ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல் அல்லது சாலிட் பிளாக். வெள்ளையாக மாவாகக் கொட்டி, பிட் சோப்பில் இறங்குகிற மாதிரி இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கல். கொஞ்ச தூரம் போய் பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். கொஞ்சம் போனதும் நின்று கிறீச்சென்று சத்தம் போட்டு, அரைச் சிட்டிகை தூள்கூட வராவிட்டால் கான்கிரீட்.

புது அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வைத்துச் சுவர், தளம் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் போடுவதும் உண்டு, மைவான் என்பார்கள். உங்களுடையது அதுவாக இருந்தால் எந்தச் சுவரைத் தொட்டாலும் கான்கிரீட்தான், இம்பாக்ட் ட்ரில் பேச்சே வேண்டாம்.

செங்கல் வீடாக இருந்தாலும் ஒரு சங்கதி இருக்கிறது. திரைக்கம்பிக்கு எல்லோரும் ஜன்னலுக்கு நாலு ஐந்து இஞ்சு மேலேதான் அடையாளம் போடுவார்கள். அங்கே இருப்பது லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். ஜன்னலின் இரண்டு பக்கமும் குறைந்தது அரை அடியாவது சுவருக்குள் போயிருக்கும், பல வீடுகளில் சுவர் நெடுகச் சுற்றியே போட்டிருப்பார்கள். அதனால் பக்கவாட்டில் தள்ளி வைத்தாலும் தப்ப முடியாது. "சுவர் முழுக்கச் சுலபமாகப் போச்சு, ஜன்னல் மேலே மட்டும் போகமாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்கள் எல்லோரும் லிண்டலில்தான் மாட்டியிருப்பார்கள்.

மலைக்கோட்டை:
லிண்டலில் போடவே முடியாது என்று இல்லை சார். நான் 600 வாட்டிலேயே போட்டிருக்கிறேன். முதலில் 5 மி.மீ., அப்புறம் 6 மி.மீ. நடுவில் ஜல்லி மாட்டினால் பிட்டை எடுத்துவிட்டு, கெட்டியான இரும்புப் பஞ்ச் (ஆணி மாதிரியான கம்பி) ஒன்றை உள்ளே வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. ஜல்லி உடைந்ததும் மறுபடி பிட். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை முடியும். இதற்காக இன்னொரு மெஷின் வாங்கச் சொல்வது நியாயமா? எட்டு ஓட்டைக்காக?

கோவை வைண்டிங்:
எட்டு ஓட்டைக்கு நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே. என் மேஜைக்கு வருவது அதற்கு அடுத்த கட்டம். கான்கிரீட்டில் பிட் இறங்கவில்லை என்றதும் ஆள் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்துவார். வேகம் குறையும். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி, மோட்டாருக்குள் சுற்றும் பகுதியான ஆர்மேச்சரின் தண்டிலேயே இருக்கிறது, மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சுமை அதிகம், காற்று குறைவு. ஐந்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வந்துவிடும். இப்படிக் கருகி வரும் ஆர்மேச்சரைக் கையில் எடுத்தால் கம்பி கறுத்து, கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் கட்டைகள் நீலம் பாய்ந்திருக்கும். சின்ன ட்ரில்லுக்கு ரீவைண்டிங் கூலி கட்டுப்படியாகாது, புது ஆர்மேச்சர் போட்டாலும் மெஷின் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

அதனால் இம்பாக்ட் ட்ரில்லில் கான்கிரீட் போடுபவர்கள் ஒரு நிமிடம் ஓட்டினால், அப்புறம் பிட்டை வெளியே எடுத்து, சுமை இல்லாமல் முழு வேகத்தில் அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். கை வைத்தால் சுடுகிறது என்று உடனே நிறுத்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். இதைப் பெட்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், படிக்கத்தான் ஆள் இல்லை.

சேலம் ஹார்ட்வேர்:
இன்னொரு வழியும் இருக்கிறது. லிண்டல் பெரும்பாலும் அரை அடி உயரம்தான். பிராக்கெட்டை ஜன்னலுக்கு எட்டு ஒன்பது இஞ்சு மேலே ஏற்றிவிட்டால் மறுபடி செங்கல் வந்துவிடும். திரை கொஞ்சம் நீளமாகத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு மேலேயே பீமோ பரணோ வந்துவிட்டால் இது ஆகாது.

மூன்றாம்மாடி கேட்ட 1200 வாட் ரோட்டரி பற்றி: நான் கடையில் விற்கிறவன், இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். அந்த விலையில் வருவது நாலு ஐந்து கிலோ எடை. மேஸ்திரி தரையில் உடைக்க எடுத்துப் போவார், சரி. நீங்கள் ஏணி மேல் நின்று தலைக்குமேல் பிடிக்கப் போகிறீர்கள். அப்புறம் கார்பன் பிரஷ், சுவிட்ச், உள்ளே ரப்பர் ரிங், எது போனாலும் உதிரி கிடைக்காது. தெரிந்த கம்பெனிகளில் இரண்டு கிலோ வகை, உதாரணத்துக்கு போஷ் ஜிபிஎச் 220, 720 வாட்தான், அடி 2 ஜூல். 1200 என்று எழுதியதைவிட நல்லதா என்றால் நல்லது. விலை மட்டும் ஆறாயிரத்துக்கு மேலே போகும்.

கோவை வைண்டிங்:
சேலம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெயரில்லாத மெஷின்களைப் பிரித்தால் தண்டு பேரிங்குக்குப் பதிலாக புஷ் என்னும் வெறும் உலோக வளையத்தில் ஓடும். கொஞ்ச நாளில் புஷ் தேய்ந்து சக் ஆட்டம் காணும். சக் ஆடினால் 6 மி.மீ. பிட் 7 மி.மீ. ஓட்டை போடும், ஸ்க்ரூவுக்காக ஓட்டையில் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் உள்ளே வழுவழுவென்று போய்விடும், ஸ்க்ரூ பிடிக்காது. ஆள் பிளக்கைக் குறை சொல்வார். கடையில் வாங்கும்போதே நேரான பிட் ஒன்றை மாட்டச் சொல்லி மெதுவாக ஓட்டிப் பாருங்கள், நுனி ஒரே இடத்தில் நின்று சுற்ற வேண்டும்.

பேட்டரி பிரியன்:
எல்லோரும் ஒயர் மெஷினையே பேசுகிறீர்கள். கார்ட்லெஸ் ஹேமர் ட்ரில் வாங்கினால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க வேண்டாம், ஏணியில் ஒயர் காலில் சுற்றாது. மரச்சாமான் ஸ்க்ரூ முடுக்கவும் ஆகும். என் வீட்டில் செங்கல் சுவர், 12 வோல்ட்டே போதுமாக இருக்கிறது.

சேலம் ஹார்ட்வேர்:
செங்கல்லுக்கு, ஏஏசிக்கு, மர வேலைக்கு நல்லதுதான் தம்பி. ஆனால் நாலாயிரத்துக்குள் வரும் கார்ட்லெஸ்ஸை வைத்து சீலிங் கான்கிரீட்டில் ஏற முடியாது. வருடத்தில் சில நாள் மட்டும் எடுப்பவர்களுக்குப் பேட்டரி அலமாரியிலேயே வீணாகலாம், புது பேட்டரி விலை மெஷினில் பாதி. ஒயர் மெஷின் பத்து வருடம் சும்மா கிடந்தாலும் எடுத்தால் ஓடும்.

சமையலறை ஆசாரி:
டைல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். எந்த மெஷினாக இருந்தாலும் டைல்ஸ் தாண்டும்வரை ஹேமர் கூடவே கூடாது. மெஷின் மேல் இருக்கும் சுவிட்சைச் சுத்தியல் படத்திலிருந்து ட்ரில் படத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அடையாளம் வையுங்கள், பிட் வழுக்காது. ஈட்டி முனை மாதிரி தட்டையாக வரும் டைல்ஸ் பிட், குறைந்த வேகம். சமையலறைச் சுவரில் ஒட்டுவது பெரும்பாலும் செராமிக், சீக்கிரம் இறங்கும். அதைவிடக் கெட்டியான விட்ரிஃபைட் என்றால் டைமண்ட் பிட், கூடவே ஆள் ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டைல்ஸ் ஓரத்திலிருந்து ஒரு இஞ்சுக்குள் போடாதீர்கள், விரிசல் ஓடிவிடும். டைல்ஸ் தாண்டி சுவர் வந்ததும் பிட்டை மாற்றிவிட்டு ஹேமர் போடலாம்.

ரோட்டரி மட்டும் வாங்கினால் இந்த வேலைக்குத் தனியாகச் சக் அடாப்டர் வேண்டும், அதை மாட்டினால் பிட் நுனி கொஞ்சம் ஆடும். டைல்ஸுக்கும் மரத்துக்கும் சாதாரண ட்ரில்தான் சுத்தமாக வரும். ஃபில்டருக்குக் குழாய் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திறக்கும் குழாய்க்கு நேர் மேலே, நேர் கீழே போடவே வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கும் அதே கதைதான், ஒயர் பைப் நேர் செங்குத்தாக ஏறி இறங்கும்.

மூன்றாம்மாடி:
பக்கத்து வீட்டு அண்ணாவிடம் 500 வாட் மெஷின் வாங்கி, தாள் விரித்துப் பார்த்தேன். ஹால் சுவர் சாம்பல் நிறம், சீராக இறங்கியது. படுக்கையறையும் அதேதான். ஜன்னல் மேலே சூப்பர்வைசர் சார் சொன்ன மாதிரியே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது, கிறீச் சத்தம். இரண்டு ஜன்னலுக்கு மேலே இடம் இருக்கிறது, ஏற்றி வைக்கலாம். மற்ற இரண்டுக்கு மேலே உடனே பீம் வருகிறது. பால்கனி சீலிங்கைத் தொடவில்லை, அது தளம்தானே. இப்போது என்ன வாங்கட்டும்?

சைட் சூப்பர்வைசர்:
அப்படியென்றால் உங்கள் வீட்டில் கான்கிரீட் ஓட்டை என்பது இரண்டு ஜன்னல், அப்புறம் பால்கனி. மீதி எல்லாம் ஃப்ளை ஆஷ் செங்கல் அல்லது சாலிட் பிளாக். 600 வாட் இம்பாக்ட் ட்ரில் ஒன்று தெரிந்த கம்பெனியில் வாங்குங்கள். கான்கிரீட்டுக்கு ஒரு நாள் இரண்டு கிலோ ரோட்டரியை வாடகைக்கு எடுங்கள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளிலேயே பல இடங்களில் இது கிடைக்கும். ஆதார் நகலும் கொஞ்சம் அட்வான்ஸும் கேட்பார்கள். எல்லா அடையாளமும் முதல் நாளே பென்சிலில் போட்டு வைத்துவிட்டால் அரை நாளில் முடிந்துவிடும். பிட்டை மட்டும் நீங்களே புதிதாக வாங்குங்கள், வாடகைக் கடைப் பிட் முனை மழுங்கியிருக்கும்.

மலைக்கோட்டை:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். சீலிங்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இம்பாக்ட் ட்ரில்லை மேல்நோக்கி அழுத்துவது மேடத்துக்கு மட்டும் இல்லை, யாருக்கும் ஆகாது. கிட்டோடு வரும் பிட்டை நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ., 8 மி.மீ. இரண்டும் நல்ல கார்பைடு முனைப் பிட்டாகத் தனியாக வாங்கினால் 500 வாட்டே 700 வாட் மாதிரி வேலை செய்யும்.

கோவை வைண்டிங்:
சரியான முடிவு. 500-ஆ 600-ஆ என்று கேட்டால், விலை வித்தியாசம் சில நூறுதான் என்றால் 600 வாங்குங்கள். வித்தியாசம் ஆயிரம் என்றால் 500 போதும், அந்தப் பணத்தில் பிட் வாங்குங்கள். பக்கக் கைப்பிடி வரும் மாடலாகப் பாருங்கள். 8 மி.மீ. பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் மாட்டினால் மெஷின் மணிக்கட்டைத் திருகிவிடும், ரோட்டரியில் அதற்கு கிளட்ச் இருக்கிறது, சின்ன இம்பாக்ட் ட்ரில்லில் பெரும்பாலும் இருக்காது. 6 ஆம்பியர் பிளக் பாயிண்டிலேயே ஓடும், 600 வாட்டுக்கு மூன்று ஆம்பியர்கூட வராது. டிவிக்கு 8 மி.மீ. பிளக், ஓட்டை ஆழம் குறைந்தது இரண்டு இஞ்சு. பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் முழுசாக உட்கார வேண்டும். பூச்சிலேயே நின்றுவிட்டால் இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், பிறகு பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். ஓட்டைக்குள் தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக் அடியுங்கள்.

மூன்றாம்மாடி:
அப்படியே செய்கிறேன். பாரிமுனை போய் வாங்கலாம் என்று இருக்கிறேன், மெஷினை ஓட்டிப் பார்த்து வாங்கலாமே. கடைசியாக ஒன்று. ஹேங்கரோடு பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் கொடுத்திருக்கிறார்கள். சீலிங்கில் ஈரத்துணி பாரத்தை அது தாங்குமா?

சைட் சூப்பர்வைசர்:
அதைத் தூக்கி வைத்துவிடுங்கள் அம்மா. சுவரில் பாரம் ஸ்க்ரூவைக் கீழே மடக்கப் பார்க்கும், சீலிங்கில் நேராகப் பிடுங்கப் பார்க்கும். அங்கே இறுக்கினால் ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் ஃபாஸ்ட்னர்தான். எம்6 ஸ்லீவ் ஆங்கர் வாங்கினால் 8 மி.மீ. ஓட்டை, வாங்கும்போது பெட்டியிலும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் ஆங்கர் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட.

தளத்தின் அடியில் 20 மி.மீ. வாக்கில் கம்பி வரும். பிட் டங்கென்று நின்று, வெள்ளியாக மினுக்கும் துகள் விழுந்தால் கம்பிதான். அதை வெட்ட முயலாமல் இரண்டு இஞ்சு தள்ளிப் போடுங்கள். பால்கனி லைட்டுக்குப் போகும் ஒயர் பைப் தளத்துக்குள்ளேயேதான் ஓடும், லைட்டிலிருந்து ஹால் சுவரை நோக்கி நேர்கோடு ஒன்று மனதில் போட்டு அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். மெயினில் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுங்கள்.

கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். அண்ணாந்தால் தூள் நேராகக் கண்ணில்தான் விழும், கான்கிரீட் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, என்95 போடுங்கள். பழைய தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் சொருகிக்கொண்டால் தூளில் பெரும்பகுதி டப்பாவிலேயே விழும்.

மாட்டி முடித்ததும் வெறும் ஹேங்கரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுக்காமல் சீராக இழுத்துப் பாருங்கள். ஆங்கர் தலை துளியும் இறங்கக் கூடாது. இறங்கினால் அதைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் புது ஓட்டை. வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.